ஜீரோத் ரிவ்யூவில் ப்ராஜெக்ட்டுக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி? பொறியியல் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் தலைப்பை ஏற்கலாமா என்று துறை பார்க்கும் ஜீரோத் ரிவ்யூவில் உட்காரும் கமிட்டியின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான். இந்தக் குழுவின் நாலு பேரும் சொன்னதை, சொன்ன தேதிக்குள், கையில் இருக்கிற காசில் செய்து முடித்து, அது வேலை செய்கிறது என்று அளந்து காட்டுவார்களா? ஐடியா எவ்வளவு புதுசு என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான் வரும். இந்தக் கேள்விக்கு உங்கள் முன்மொழிவிலேயே பதில் இருந்தால் ஒப்புதல் கிடைத்துவிடும். அந்தப் பதிலை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்க்கலாம்.

படி 1: உங்கள் கல்லூரி நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். ஒரு குழுவில் அதிகபட்சம் 4 பேர். செமஸ்டருக்குள் மூன்று ரிவ்யூ, முடிவில் ரிப்போர்ட், வைவா. அதற்கெல்லாம் முன்னால் தலைப்பை ஏற்பதற்காகத் துறை வைப்பதுதான் ஜீரோத் ரிவ்யூ. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு மாறும். அதனால் உங்கள் ரெகுலேஷனை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள், சீனியர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: ரிவ்யூ தேதிகள், முன்மொழிவுப் படிவம், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்ற பங்கீடு. மூன்றாவதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. ஆனால் கமிட்டி கையில் பேனாவோடு உட்காரும்போது அவர்கள் முன்னால் இருப்பது அந்தத் தாள்தான்.

படி 2: தலைப்பைத் தேடாதீர்கள், பிரச்சினையைத் தேடுங்கள்

'புதிய ப்ராஜெக்ட் டைட்டில்கள்' என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல், பக்கத்து பெஞ்சுக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் கிடைக்கும் அதே பட்டியல்தான். பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி, தானியங்கித் தெருவிளக்கு, வாட்டர் டேங்க் அலாரம் எல்லாவற்றையும் கமிட்டி பல வருடங்களாகப் பார்த்துவருகிறது. அவை கெட்ட தலைப்புகள் என்று சொல்லவில்லை. அவற்றில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

உங்கள் வீட்டில், ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்று பாருங்கள். சோமனூர் பக்கத்துப் பையனுக்கு விசைத்தறி தெரியும், வேதாரண்யத்துப் பெண்ணுக்கு உப்பளம் தெரியும். ஹாஸ்டல் மாணவருக்கு மெஸ்ஸில் மிஞ்சும் சாதம் தெரியும். அங்கே போய் அரை நாள் நின்று பாருங்கள். வேலை எந்த இடத்தில் நிற்கிறது, எது கெட்டுப்போகிறது, எந்த வேலையைச் செய்ய ஆள் வர மறுக்கிறார்கள் என்று கேளுங்கள். 'உங்களுக்கு என்ன மெஷின் வேணும்ணே?' என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் மனதில் தோன்றும் ஒரு மெஷினைச் சொல்வார், பிரச்சினை அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

சொந்த ஊரில் எதுவும் பிடிபடவில்லையா? 2017 முதல் நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மத்திய அமைச்சகங்கள் தரும் பிரச்சினைகளின் பட்டியல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியாகிறது. தமிழ்நாட்டில் நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழாவும் இருக்கிறது. போட்டியில் கலந்துகொள்ளாவிட்டாலும் இந்தப் பட்டியல்களைப் படிக்கலாம். ஒரு பிரச்சினையை எப்படி வாக்கியமாக்குகிறார்கள் என்பது அதில் தெரியும்.

ரெடிமேடாக ப்ராஜெக்ட் விற்கும் சென்டர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கிட், கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பையில் கொடுத்துவிடுவார்கள். நான்கு வருடத்தில் நீங்கள் சொந்தமாக முடிவெடுத்து ஒன்றைச் செய்யக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு இந்த ஒன்றுதான். அதைக் காசு கொடுத்துக் கைமாற்றிவிடாதீர்கள் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கான நேர்காணலிலும் முதலில் தோண்டுவது ப்ராஜெக்ட்டைத்தான்.

நம் உதாரணத்துக்கு வருவோம். திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களங்கள் அதிகம். தேங்காயை உடைத்துத் தொட்டியோடு (கொட்டாங்குச்சியோடு) வெயிலில் போடுகிறார்கள், சுருங்கியதும் பருப்பைப் பெயர்த்தெடுத்து மறுபடி காய வைக்கிறார்கள். திடீரென்று மழை வந்தால் அத்தனையையும் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், விலை விழும். மெக்கானிக்கல், விவசாயப் பொறியியல், எலக்ட்ரானிக்ஸ் என எந்தத் துறை மாணவரும் கை வைக்கக்கூடிய பிரச்சினை இது.

படி 3: பிரச்சினையைச் சின்னதாக்குங்கள்

பெரும்பாலான முன்மொழிவுகள் விழுவது இங்கேதான். 'ஐஓடி மற்றும் செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான நவீன சூரிய உலர்த்தி' என்று ஒரு தலைப்பு வருகிறது (ஐஓடி என்றால் கருவிகளை இணையத்தோடு இணைப்பது). கமிட்டியில் ஒருவர் கேட்பார்: 'எதை உலர்த்துறீங்க? எவ்வளவு? எத்தனை நாள்ல? இப்ப எத்தனை நாள் ஆகுது?' நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் வராது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'தொட்டி நீக்கிய 10 கிலோ தேங்காய்ப் பருப்பின் ஈரப்பதத்தை, திறந்த களத்தில் ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், மண் தூசி படாமல் 6 சதவீதத்துக்குக் கொண்டுவரும் ஒரு சதுர மீட்டர் சூரிய உலர்த்தியை வடிவமைத்துச் சோதித்தல்.' பொருள், அளவு, இலக்கு, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது எல்லாம் உள்ளே வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு காணாமல் போய்விட்டது, போகட்டும். அது தேவைப்படும் இடம் வந்தால் தானாக வரும்.

அடுத்து, தேவைகளை எண்ணோடு எழுதுங்கள். 'சீக்கிரம் காய வேண்டும்', 'விலை குறைவாக இருக்க வேண்டும்' என்பதெல்லாம் ஆசைகள். அறைக்குள் காற்றின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும், தட்டுகளுக்கிடையே வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருவர் தனியாகத் தட்டை இழுத்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும் என்றால் அவை தேவைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று ஒரு வரி இருக்கட்டும். அப்படி எழுத முடியாத தேவையை அடித்துவிடுங்கள்.

எதைச் செய்யப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள். 'மழைக்காலச் சோதனையும் எண்ணெயின் தரப் பரிசோதனையும் இத்திட்டத்தில் இல்லை' என்று ஒரு வரி போதும். பலரும் இதைப் பலவீனம் என்று நினைத்து மறைக்கிறார்கள். கமிட்டிக்கு இந்த வரிதான் நம்பிக்கை தரும், எல்லை தெரிந்தவர்கள்தான் முடிப்பார்கள்.

படி 4: முன்னால் செய்தவர்களைப் படியுங்கள்

'பேஸ் பேப்பர் என்ன?', அதாவது எந்த ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாக வைத்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒரே ஒரு கட்டுரையைக் காட்டி அதையே திரும்பச் செய்கிறோம் என்று சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து கட்டுரைகளின் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, மிக நெருக்கமான நான்கைந்தை முழுக்கப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பொருள், எவ்வளவு பரப்பு, என்ன வெப்பநிலை, எத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணை போட்டால் இடைவெளி எங்கே என்பது கண்ணில் படும்.

கொப்பரை விஷயத்தில் காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், தேங்காய்த் தொட்டியை எரித்து இயங்கும் உலர்த்திகளை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. இதைப் படிக்காமல் போய் 'இதுவரை யாரும் செய்யவில்லை சார்' என்று சொன்னால், தெரிந்தவர் ஒருவர் எதிரே இருந்தால் போதும், அங்கேயே முடிந்தது. 'அவை இருக்கின்றன, எரிபொருள் வேண்டும், நாங்கள் எரிபொருள் இல்லாத சின்ன அளவைப் பார்க்கிறோம்' என்று சொன்னால் அதே மனிதர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். இளநிலை ப்ராஜெக்ட் உலகத்திலேயே முதல் முறையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்த ஒன்றைப் புதிய அளவில், புதிய பொருளில், புதிய இடத்தில் ஒழுங்காகச் சோதிப்பதே நல்ல பொறியியல்.

காப்புரிமைத் தேடலும் இலவசம்தான். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

படி 5: ஒரு பக்கக் கணக்கு

முழு வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எதையும் வாங்குவதற்கு முன், வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன், இந்த ஐடியாவை இயற்பியல் அனுமதிக்கிறதா என்று தாளில் பார்த்துவிடுவது. கொப்பரைக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ எடுத்தால் 5 கிலோ திடப்பொருள், 5 கிலோ தண்ணீர். காய்ந்த கொப்பரையில் 6% ஈரம் என்றால் மொத்த எடை 5 வகுத்தல் 0.94, அதாவது சுமார் 5.3 கிலோ. ஆக வெளியேற வேண்டிய தண்ணீர் 4.7 கிலோ. தொட்டி கழலும் நிலையில் ஈரம் இதைவிடக் குறைந்திருக்கும், ஆனாலும் மோசமான நிலையை வைத்தே கணக்குப் போடுவது பாதுகாப்பு.

ஒரு கிலோ தண்ணீரை இந்த வெப்பநிலையில் ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாஜூல் வேண்டும். 4.7 கிலோவுக்கு 11.3 மெகாஜூல். 3.6-ஆல் வகுத்தால் சுமார் 3.1 கிலோவாட் மணி. உலர்த்தி, விழும் வெயிலில் 30 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறது என்று வைத்தால், தேவையான வெயில் 10.4 கிலோவாட் மணி. நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் மணி வெயில் விழுகிறது. ஆக, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு நாள். செயல்திறன் 20 சதவீதம்தான் என்றால் மூன்று நாள். கடைசி ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் மூன்று நாளுக்கு மேலும் இழுக்கலாம்.

இந்தப் பத்து வரியில் எவ்வளவு தெரிந்துவிட்டது பாருங்கள். 'ஒரு சதுர மீட்டர் உலர்த்தியில் ஒரே நாளில் 50 கிலோ' என்று யாராவது எழுதினால் அது நடக்காது, 30 சதவீதக் கணக்குப்படி அதற்குப் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். நம் இலக்கு நடக்கும். செயல்திறன் 20 சதவீதமா 30 சதவீதமா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது, அதனால் சோதனையில் முதலில் அளக்க வேண்டியதும் அதைத்தான். ஒரு கணக்கே அடுத்த மூன்று மாதத்துக்கு வழி காட்டிவிடுகிறது.

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டுக்கும் இது உண்டு. படங்களை அடையாளம் காணும் ப்ராஜெக்ட் என்றால், எத்தனை படங்கள் கைக்கு வரும், எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று யார் லேபிள் போடுவார்கள், ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்றால் மொத்தம் எத்தனை மணி நேரம், லேப்டாப்பில் பயிற்சி ஓடுமா என்று பெருக்கிப் பாருங்கள். 'டேட்டாசெட் கிடைக்கும்' என்ற நம்பிக்கையில் தொடங்கிய ப்ராஜெக்ட்டுகள் இரண்டாம் ரிவ்யூவில் திணறுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

பாகங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். உலர்த்திக்குள் காற்றின் ஈரப்பதம் அளக்க மாணவர்கள் யோசிக்காமல் வாங்குவது டிஎச்டி11 சென்சார். அது 50 டிகிரி வரைதான் அளக்கும். நம் உலர்த்தி 60 டிகிரியில் ஓடப்போகிறது. டிஎச்டி22 என்றால் 80 டிகிரி வரை தாங்கும். பாகத்தோடு வரும் விவரத்தாளின், அதாவது டேட்டாஷீட்டின், முதல் பக்கத்தைப் படித்திருந்தாலே இது தெரியும், கமிட்டியும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

படி 6: காலண்டரைப் பாருங்கள்

எட்டாம் செமஸ்டர் ஓடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை காங்கேயத்தில் நல்ல வெயில். ஆனால் களத்துக்காரரின் தொல்லை மழையில். வெயில் காலத்தில் சோதித்துவிட்டு மழைக்குத் தீர்வு என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். இதற்கு இரண்டு வழி. வடகிழக்குப் பருவமழை இருக்கும் ஏழாம் செமஸ்டரிலேயே ஒரு மாதிரியைச் செய்து முதல் அளவீடுகளை எடுத்துவிடலாம். அல்லது, நாம் மேலே செய்த மாதிரி, மழையை எல்லைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் திறந்த தட்டும் உலர்த்தியும் வைத்து ஒப்பிடலாம்.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். வைவாவுக்கு முன் ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம், அதற்கு முன் சோதனைகளுக்கு நான்கு வாரம் ஒதுக்கினால், உலர்த்தி எந்தத் தேதிக்குள் நிற்க வேண்டும் என்று தெரியும். அந்தத் தேதி நீங்கள் நினைத்ததைவிட ரொம்ப முன்னால் வரும்.

படி 7: குழுவும் கைடும்

நண்பர்கள் என்பதற்காக மட்டும் நாலு பேர் சேராதீர்கள். வடிவமைப்பும் வரைபடமும் ஒருவர், பட்டறை வேலை ஒருவர், சென்சாரும் கோடும் ஒருவர், சோதனையும் பதிவேடும் ஒருவர் என்று முன்மொழிவிலேயே பெயர் போட்டு எழுதுங்கள். 'உன் பங்கு என்ன?' என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பார்கள்.

கைடைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போய் 'சார், நீங்களே ஒரு டைட்டில் சொல்லுங்க' என்று நிற்க வேண்டாம். ஒரு பக்கத்தில் பிரச்சினை, இலக்கு, கணக்கு மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். 'மேடம், இந்தக் கணக்குல செயல்திறனை 30 சதவீதம்னு எடுத்திருக்கோம், அது சரியான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆசிரியருக்கு நேரம் குறைவு. குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான உதவி கிடைக்கும்.

படி 8: பணமும் அனுமதியும்

பட்ஜெட்டில் பாகம், எண்ணிக்கை, விலை, எங்கே வாங்குவது, யார் பணம் என்று ஐந்து கட்டம் போதும். ஆன்லைன் விலையோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடை விலையையோ உங்கள் ஊர்க் கடை விலையையோ ஒப்பிட்டுப் போடுங்கள். உடைவதற்கும் எரிவதற்கும் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக வையுங்கள். கல்லூரி பணம் தருவதாக இருந்தால் பில் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அனுமதிகளை முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. கொப்பரையின் ஈரத்தைச் சரிபார்க்க 105 டிகிரியில் உலர்த்தும் ஹாட் ஏர் ஓவன் வேண்டும். அது வேதியியல் ஆய்வகத்தில் இருக்கலாம், அந்தத் துறையின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். களத்தில் சோதிப்பதாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ட்ரோன் பறக்க விடுகிறீர்கள் என்றால் 2021 ட்ரோன் விதிகளைப் படித்தாக வேண்டும். நோயாளிகளின் தகவலையோ மனிதர்கள் மேல் பொருத்தும் கருவியையோ தொடுகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் அதை நம்பி இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

படி 9: எழுதுங்கள்

துறை படிவம் கொடுத்திருந்தால் அதை மீறாதீர்கள். இல்லையென்றால் நான்கைந்து பக்கம் போதும். முதல் பக்கத்தில் பிரச்சினையும் இலக்கு வாக்கியமும் களத்தில் எடுத்த ஒரு புகைப்படமும். அப்புறம் முன்னர் செய்தவற்றின் அட்டவணை. அப்புறம் தேவைகளும் சோதனை முறையும். கணக்கு ஒரு பக்கம் முழுக்க. நீங்கள் யோசித்து ஒதுக்கிய மாற்று வழிகளையும், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் சில வரிகளில் சொல்லுங்கள். மின் ஹீட்டர் வைத்திருக்கலாம், கரண்ட் செலவு கட்டுப்படியாகாது என்பது போல. கடைசியில் கால அட்டவணை, பட்ஜெட், என்ன தவறலாம், தவறினால் என்ன செய்வோம்.

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். வேறொருவர் எழுதிய பத்தியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்ததையும்தான். உங்கள் வாயில் வராத சொல் தாளில் இருந்தால் முதல் கேள்வியே அந்தச் சொல்லைப் பற்றித்தான் இருக்கும்.

படி 10: ரிவ்யூ நாள்

பத்து ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். கல்லூரி முத்திரை, 'உள்ளடக்கம்', 'அறிமுகம்' என்று மூன்று ஸ்லைடை வீணாக்காமல், இரண்டாவது ஸ்லைடிலேயே களத்துப் புகைப்படமும் இலக்கு வாக்கியமும் வரட்டும். முடிந்தால் ஒரு கொப்பரைத் துண்டையும் ஒரு புதுப் பருப்புத் துண்டையும் கையில் எடுத்துப் போய் மேசையில் வையுங்கள்.

கேள்விகளுக்குப் பதில் தெரியாதபோது சுற்றி வளைக்காதீர்கள். 'இது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை சார், முதல் ரிவ்யூவுக்குள் அளந்து சொல்கிறோம்' என்பது முழு மதிப்புள்ள பதில், அதைக் குறித்து வைத்து நிஜமாகவே அளந்து சொன்னால். ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாதீர்கள். 'இது வேலை செய்யலைன்னா?' என்ற கேள்விக்கு மட்டும் நாலு பேரும் ஒரே பதிலை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்: 'மூன்று நாளில் 6 சதவீதம் வரவில்லை என்றால், எந்த ஈரத்தில் நின்றது, ஏன் நின்றது என்ற அளவீடுகளே எங்கள் முடிவு. உலர்த்திக்குள் காற்றை ஓட்டும் விசிறியின் வேகத்தை மாற்றி இரண்டாம் சுற்றுச் சோதனைக்கு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.'

படி 11: 'திருத்திக்கொண்டு வாருங்கள்' என்று சொன்னால்

முதல் தடவையே முழு ஒப்புதல் கிடைப்பது அரிது. அறையை விட்டு வந்ததும், மறப்பதற்குள், யார் என்ன சொன்னார்கள் என்று நாலு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். அதைக் கைடுக்கும் கோஆர்டினேட்டருக்கும் மெயிலில் அனுப்பி, நாங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று கேளுங்கள். பிறகு இரண்டு கட்டத்தில் ஒரு அட்டவணை போடுங்கள்: இடதுபக்கம் கமிட்டி சொன்னது, வலதுபக்கம் நாங்கள் மாற்றியது, எந்தப் பக்கத்தில். ஒரு கருத்தை ஏற்கவில்லை என்றால் காரணத்தையும் எண்ணோடு அங்கேயே எழுதலாம். மரியாதையாக மறுப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

'ஐஓடி சேருங்கள்' என்பது அடிக்கடி வரும் ஆலோசனை. சேர்ப்பதால் எந்தத் தேவை நிறைவேறுகிறது என்று உங்கள் தேவைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுங்கள். நம் உலர்த்தியில் தட்டுக்குக் கீழே லோட் செல் என்ற எடை சென்சாரை வைத்து எடை குறைவதை இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை கட்டுப்பாட்டு சிப் மூலம் பதிவு செய்தால், தட்டை வெளியே எடுக்காமலேயே எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று தெரியும். அது உபயோகமான சேர்க்கை. களத்துக்காரர் மொபைலில் வெப்பநிலையைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு ஆப் என்றால் வேண்டாம்.

ஒப்புதல் வந்ததும், கையெழுத்தான படிவத்தை ஸ்கேன் செய்து நாலு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் தலைப்பு ஒரு எழுத்து மாறாமல் ரிப்போர்ட்டிலும் போனஃபைட் சான்றிதழிலும் வர வேண்டும். வேலையின் நடுவில் தலைப்பை மாற்ற நேர்ந்தால் மறுபடி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதே வாரத்தில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் நிதியுதவிக்கு அந்த வருட அறிவிப்பு வந்திருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். அந்த விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், கைடும் முதல்வரும் கையெழுத்துப் போட நாள் பிடிக்கும். அதில் கேட்கும் விவரங்களில் பெரும்பகுதி நீங்கள் இப்போது எழுதி வைத்திருக்கும் அந்த நான்கைந்து பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும்.